பிடித்தது, பிடிக்காதது: ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது எப்படி

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நோட்டின் முன்பக்கத்திலிருந்து பிடித்தவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். அப்படியே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து பிடிக்காதவற்றை எழுதுங்கள். இரண்டும் நடுவில் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கே அந்த நோட்டு முடிந்தது. நான் ஆறு வருடமாக இப்படி எழுதுகிறேன், இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. எனக்கு இவ்வளவு கைகொடுத்த பழக்கம் வேறொன்று இல்லை, அதனால் எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், எழுதாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் போனைக் கையில் எடுத்த உடனே வேறு நாலு விஷயம் கண்ணில் படும், எழுத வந்த வரி அதற்குள் கரைந்துவிடும். எனக்கு இது பல தடவை நடந்ததால் சட்டைப் பையில் அடங்குகிற நோட்டுக்கு மாறினேன்.

வரியைச் சின்னதாக்குங்கள்

யாரிடமாவது "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு, புத்தகம், பயணம் என்பார்கள். பொய் இல்லை, ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தை நிரப்புகிற பதில் அது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, தலை பாரமாகி, யாரோடும் பேசத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கும்போது 'பயணம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த நேரத்துக்கு, பத்து நிமிடத்தில் கைக்கு எட்டுகிற ஒன்று வேண்டும். அது என்னவென்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே சொல்லத் தெரியாது, ஏனென்றால் அதற்கு நாம் பெயர் வைத்ததே இல்லை.

அதனால் பெரிய சொல்லை எழுதாதீர்கள். 'இயற்கை பிடிக்கும்' என்று எழுதிவிட்டால் அதை அடித்துவிட்டு, இயற்கையில் எது, எந்த நேரத்தில், எங்கே நின்றால் என்று உங்களையே கேளுங்கள். என் நோட்டில் அது இப்படி ஆனது: "மழை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மரத்தடியில் போகும்போது காற்று ஒரு தடவை உலுக்க, அந்த மரம் மட்டும் தனியாக இன்னொரு மழை பெய்வது." 'சுத்தம் பிடிக்கும்' என்று எழுதியிருந்தேன், அது "மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டதும் முதல் இரண்டு விநாடி" என்று ஆனது. 'தூக்கம்' மூன்று வரியாகப் பிரிந்தது: தலையணையைத் திருப்பிப் போட்டதும் கன்னத்தில் படுகிற குளிர்ச்சி, அலாரம் அடிக்கும் முன்பே விழித்து, மணி பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தெரிவது, பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க, வார்த்தை புரியாமல் குரல் மட்டும் கேட்டபடி தூங்கிப்போவது. இந்த மூன்றாவதை எழுதுகிறவரை அது எனக்குப் பிடிக்கும் என்றே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே கூட இருந்திருக்கிறது.

வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உங்களைத் தெரியாத ஒருவர் நோட்டை எடுத்துப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அவரால் போய் அதைச் செய்து பார்க்க முடியுமா? முடியும் என்றால் சரி. 'நிம்மதி' என்று எழுதியிருந்தால் அவர் எங்கே போவார், பாவம்.

இன்னொன்று, நடந்த உடனே எழுத வேண்டும். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து எழுதலாம் என்று ஒரு மாதம் முயன்றேன், தினமும் அதே ஐந்தாறு விஷயம்தான் வந்தது. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. 1993இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் வெளியிட்ட சோதனை ஒன்றில், 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி, அதற்குள் நீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி செய்வதென்றால் எது என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதைத்தான் கேட்டார்கள், அதில் வலி அதிக நேரம் இருந்தும். உச்சமும் முடிவும்தான் மனசில் அழுத்தமாக நிற்கிறது, எவ்வளவு நேரம் என்ற கணக்கு அநேகமாக மறைந்துபோகிறது. பகல் பதினொரு மணிக்கு வந்துபோன இரண்டு விநாடி சந்தோஷத்துக்கு அந்த நினைவில் இடம் ஏது? கையில் நோட்டு இருந்தால்தான் அது தப்பிக்கும்.

காரணம் எழுதாதீர்கள்

இதுதான் இந்த முறையில் எனக்கு மிக முக்கியமானது, பலர் ஒப்புக்கொள்ளத் தயங்குவதும் இதுதான். பிடித்ததை எழுதுங்கள், ஏன் பிடிக்கிறது என்று எழுதாதீர்கள். குறைந்தது முதல் மாதம் முழுக்க.

நாம் பேசுகிற தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நான் அதை விரும்புகிறேன்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை, 'எனக்கு அது பிடிக்கும்' என்கிறோம். அந்த வாக்கியத்தில் பிடிப்பது அந்தப் பொருள், பிடிபடுவது நாம். கையைப் பிடிப்பது, சளி பிடிப்பது, மழை பிடித்துக்கொள்வது எல்லாமே அந்தச் சொல்தான். சளி பிடித்தவரிடம் போய் ஏன் பிடிக்க விட்டாய் என்று கேட்டால் அவர் யோசித்து ஒரு காரணம் சொல்லத்தான் செய்வார், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி எது உங்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று கேட்பார்கள். கை காட்டியதும், அந்தப் படத்தையே கையில் கொடுத்து ஏன் பிடித்தது என்று கேட்பார்கள். சில தடவை மட்டும் வித்தைக்காரர் போல அட்டையை மாற்றி, பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய படத்தைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான தடவை அந்த மாற்றம் பிடிபடவே இல்லை. தாங்கள் ஒதுக்கிய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் பிடித்தது என்று விளக்கினார்கள், அந்த முகத்தில் மட்டுமே இருக்கிற அம்சத்தைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மனசு காரணத்தைச் சுடச்சுடத் தயாரித்துக் கொடுக்கிறது, நாம் அதை நம்பிவிடுகிறோம்.

அப்படி நம்புவதால் என்ன கெட்டுப்போகும்? திமதி வில்சனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாணவர்களுக்குச் சில சுவரொட்டிப் படங்களைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். ஒரு பகுதியினர் முதலில் தங்கள் காரணங்களை எழுத வேண்டும், மற்றவர்கள் சும்மா எடுத்துப் போகலாம். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதி எடுத்தவர்கள்தான் தங்கள் படத்தில் திருப்தி குறைந்திருந்தார்கள். வார்த்தையில் சுலபமாகச் சொல்ல வருகிற காரணம் தேர்வை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, உண்மையில் பிடித்தது வாய் திறக்காமல் பின்னால் நிற்கிறது.

அதனால் காரணப் பகுதியைக் காலியாக விடுங்கள். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து எல்லா வரியையும் ஒன்றாகப் படியுங்கள், காரணம் தானாக முகம் காட்டும். என்னைப் பற்றி நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது 'எனக்குத் தனிமை பிடிக்கும்' என்பது. விடுமுறை நாளில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் ஏதோ வெறுமையாகத் திரும்பி வருவேன். நோட்டைப் படித்தபோது அதில் எழுதியிருந்தது வேறு. பக்கத்து அறைக் குரல். ஒரே மேசையில் இன்னொருவர் தன் வேலையைப் பார்க்க நான் என் வேலையைப் பார்ப்பது. பேருந்தில் முன் சீட்டில் இருப்பவர்கள் பேசிச் சிரிப்பது. நூலக வாசிப்பறையில் யாரோ பக்கம் புரட்டுகிற சத்தம். எனக்குப் பிடித்தது தனிமையே இல்லை, மனிதர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம். அதற்குப் பிறகு விடுமுறையில் நூலகத்துக்குப் போகிறேன்.

மூக்கு, தோல், காது

முதல் வாரம் நோட்டு நிரம்ப மறுத்தால் ஒரு நாளைக்கு ஒரு புலனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தனி நாள் வேண்டாம், பாதி நோட்டை அது கேட்காமலே நிரப்பிக்கொள்ளும். மூக்குக்குத்தான் நாள் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் வாசனையைச் சொல்லத் தனிச் சொல் குறைவு, சொல் இல்லாததால் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம்.

ஒரு வாசனைக்குத் தமிழில் நன்றாகப் பழகிய பெயர் இருக்கிறது, மண்வாசனை. இதை ரசிக்கிறவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் இதற்குப் பெட்ரிக்கோர் என்ற பெயர் வந்ததே 1964இல்தான், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் வைத்தது. வறண்ட நாட்களில் செடிகளிலிருந்து வருகிற எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் பாறையிலும் படிந்து சேர்கின்றன. மண்ணில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிறது, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். சரி, இதெல்லாம் காற்றில் எப்படி ஏறுகிறது? 2015இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டினார்கள்: துளி மண்ணில் விழும்போது அடியில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன, அவை துளிக்குள்ளேயே மேலேறி வெடித்து நுண்திவலைகளாகத் தெறிக்கின்றன. கனமழையை விட இலேசான, மிதமான மழையில்தான் இது அதிகம் நடக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது என்னவென்றால், நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழுகிற சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். மழை பலக்கட்டும் என்று காத்திருந்தால் நல்ல பகுதி போய்விடும்.

இது போக, என் நோட்டில் இருக்கிற வாசனைகள்: வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது அதற்குள் முகத்தை வைப்பது, பென்சில் சீவிய தூள், ரொம்ப நாள் திறக்காத புத்தகத்தின் நடுப்பக்கம், தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை.

தோலைப் பற்றி ஒன்று மட்டும். முடி வளரும் தோலில், மெதுவான வருடலுக்கென்றே இருப்பது போன்ற நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக வேலை செய்கின்றன, மனிதர்கள் இதமாக இருக்கிறது என்று சொல்லும் வேகமும் அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தையின் முதுகை நாம் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் தடவுகிறோம். அவசரத்தில் ஒரு பூனையைத் தடவிவிட்டு ஓடினால் பூனைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பிடித்ததைச் செய்யும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், அநேகமாக எல்லாவற்றுக்கும் இது பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

காது, பிடித்தவற்றை விடப் பிடிக்காதவற்றைத்தான் எனக்கு அதிகம் கொடுத்தது.

நோட்டின் பின்பக்கம்

பலர் இந்தப் பக்கத்தைத் தவிர்க்கிறார்கள், எழுதினால் மனசு கெட்டுப்போகும் என்று. எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. எழுதாமல் இருந்தபோது நாள் முழுக்க ஒரு எரிச்சல் மூட்டமாக இருக்கும், எழுதிய பிறகு அது பத்தொன்பது தனித்தனி வரியாகிவிட்டது. முதல் பக்கத்தில் இருந்தது சரியாகப் பத்தொன்பது.

ஆட்களின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். இன்னாரைப் பிடிக்காது என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, எழுத எழுத அந்த வெறுப்புதான் தடிக்கும். "நான் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் போனைப் பார்த்துவிட்டு, ஆங், சொல்லு என்பது" என்று எழுதினால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அப்படி எழுதிய பிறகு, அதையே நான் வேறு ஒருவருக்குச் செய்வதும் எனக்குத் தெரிந்தது.

எழுதி முடித்ததும், கையாலேயே சரிசெய்யக் கூடியவை எவை என்று தேடுங்கள். என் பத்தொன்பதில் பதினொன்று அப்படிப்பட்டவை. சட்டைக் காலருக்குப் பின்னால் குத்திக்கொண்டே இருக்கும் பட்டை. இழுத்தால் கோணலாகச் சிக்கிக்கொள்ளும் மேசை டிராயர். கிறீச்சிடும் கதவு. ஒரு பக்கம் மட்டும் ஆடுகிற நாற்காலி. எந்த நேரமும் ஈரமாகவே இருக்கும் கால்மிதி. அந்தக் கதவு இரண்டு வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது திறந்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்திருக்கிறேன். நோட்டில் எழுதிய மறுநாள் கீலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டேன், நின்றுவிட்டது. அன்றைக்குச் சும்மாவே நாலைந்து தடவை திறந்து மூடினேன், அந்த மௌனம் அவ்வளவு பிடித்திருந்தது. அதை நோட்டின் முன்பக்கத்தில் எழுதினேன். ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்கென்றே ஒதுக்கி, பின்பக்கத்தில் கையால் தீர்கிறவற்றையெல்லாம் தீர்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது, மனிதரிடம் சொல்லித் தீர்க்க வேண்டியவை. இதில் நான் பல தப்பு செய்திருக்கிறேன், அதனால் கற்றதைச் சொல்கிறேன். அது நடக்கும்போதே சொல்லாதீர்கள், அப்போது குரலில் சூடு இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். 'நீ எப்பப் பார்த்தாலும்' என்று ஆரம்பிக்காதீர்கள், 'எனக்கு' என்று ஆரம்பியுங்கள். அப்புறம், என்ன செய்யக் கூடாது என்பதோடு நிறுத்தாமல் என்ன செய்தால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் தம்பிக்கு ஒரு பழக்கம், "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு ராத்திரிதான் கூப்பிடுவான். அதுவரை என் வயிறு கலங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் இருவரும் நன்றாக இருந்த நேரத்தில், "எனக்கு அது பயமா இருக்குடா, விஷயம் என்னன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பு, போதும்" என்றேன். அவனுக்கு ஆச்சரியம், அவன் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போதெல்லாம் "பேசணும், கவலைப்பட ஒண்ணும் இல்ல" என்று வருகிறது. அந்த இரண்டாவது பாதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தம்பி மேல் பிரியம் கூடுகிறது.

சில பிடிக்காதவை உடம்போடு வந்தவை, அவற்றோடு சண்டை வேண்டாம். கரும்பலகையில் நகம் கீறினால் பல் கூசுகிறது, அதைக் கேட்காமல் வெறுமனே நினைத்தாலே சிலருக்குக் கூசும். கீச்சென்ற உச்சச் சுருதிதான் காரணம் என்று தோன்றும், ஆனால் 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்த உயர்ந்த அலைவரிசைகளை வடிகட்டிவிட்டுக் கேட்க வைத்தபோதும் கூச்சம் குறையவில்லை, நடுத்தர அலைவரிசைதான் வேலையைக் காட்டியது. இன்னும் சிலருக்கு, பக்கத்தில் ஒருவர் மெல்லுகிற சத்தமோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமோ கேட்டால் சாதாரண எரிச்சல் இல்லாமல் உடம்பு முழுக்கக் கோபம் ஏறும், எழுந்து ஓடத் தோன்றும். அதற்கு மிசோஃபோனியா என்று பெயர், 2001இல் வைக்கப்பட்டது. உங்களுக்கு இது இருந்தால் நீங்கள் பொறுமை கெட்டவர் இல்லை, எதிரில் இருப்பவரும் வேண்டுமென்று செய்யவில்லை. பின்னணியில் மெல்லிய இன்னொரு சத்தம் ஓடவிடுவதும் காதடைப்பானும் பலருக்கு உதவுகின்றன. வீட்டாரோடு சேர்ந்து உட்காரவே முடியவில்லை என்கிற அளவுக்குப் போனால் கேட்பியல் நிபுணரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

கடைசியாக, இரவல் வாங்கிய வெறுப்புகள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுகிறவர்கள்" என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். பல மாதம் கழித்துப் படித்தபோதுதான் இது யாருடையது என்று கேட்கத் தோன்றியது. அப்பா இரவு வேலைக்குப் போய் வந்து பகலில் தூங்குவார், வீட்டில் யாராவது வாய்விட்டுப் பாடினால் உள்ளிருந்து அதட்டல் வரும். அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, அந்த அதட்டலை மட்டும் நான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது நானே துணி மடிக்கும்போது பாடுகிறேன், சுருதி சேருவதில்லை, பிடித்திருக்கிறது.

நோட்டை எப்படிப் பயன்படுத்துவது

தினமும் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். காலையில் நோட்டைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள், அதை அன்றைக்கு எங்கே வைப்பது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். முடிவுதான் நினைவில் நிற்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் நான் அதைப் பிடிக்காத ஒரு வேலையின் கடைசியில் வைக்கிறேன். கணக்கு வழக்கு பார்க்கிற நாளில் அது முடிந்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டை மாடியில் வெறுங்காலோடு பத்து நிமிடம். அந்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் முன்போல அதற்குப் பயந்து நாள் தள்ளுவதில்லை.

'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது சரிதான். பிடித்த பாட்டை ஒரே வாரத்தில் ஐம்பது தடவை கேட்டு நாமே அதைக் கொன்றுவிடுகிறோம். இதற்கு வழி இடைவெளி. 2008இல் லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இதமான மசாஜை நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தவர்கள் அதைக் கூடுதலாக ரசித்தார்கள். வாக்குவம் கிளீனர் சத்தத்தை நடுவில் நிறுத்தித் தொடர்ந்து கேட்டவர்களோ, நிறுத்தாமல் கேட்டவர்களை விட அதிகம் எரிச்சலடைந்தார்கள். நாம் இயல்பாகச் செய்வது இதற்குத் தலைகீழ், பிடித்ததை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பிடிக்காததைத் துண்டு துண்டாக இழுக்கிறோம். பிடித்த புத்தகத்தை அத்தியாயத்துக்கு ஒரு தடவை மூடி வையுங்கள். பிடிக்காத வேலையை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

அந்தப் பழமொழிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உளவியலாளர் ராபர்ட் சையான்ஸ் 1968இல் காட்டியது, முன்பின் தெரியாத சொற்களும் உருவங்களும் முகங்களும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே கொஞ்சம் பிடிக்க ஆரம்பிக்கின்றன என்று. ஆகவே புதிது என்பதால் மட்டுமே பின்பக்கத்துக்குப் போனவற்றுக்கு ஒரு தேதி போட்டு வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். உங்களை நோகடித்ததால் அங்கே போனவற்றுக்கு இது பொருந்தாது, அவற்றை மறுபடி முயன்று பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நோட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு வரியும் எழுதத் தோன்றவில்லை, பழைய வரிகளைப் படித்தாலும் எதுவும் அசையவில்லை, முன்பு பிடித்ததெல்லாம் மரத்துப்போயிருக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பிடித்தவற்றில் ஆர்வம் போவது மனச்சோர்வு நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. மருத்துவரிடம் போங்கள், வேண்டுமானால் நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம் மற்றவர்களைக் கேளுங்கள்

உங்கள் நோட்டில் ஐம்பது வரி சேர்ந்த பிறகு, கூட இருப்பவர்களிடம் கேட்க ஆரம்பியுங்கள். 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டால் படிவப் பதில்தான் வரும். முதலில் உங்கள் வரி ஒன்றைச் சொல்லுங்கள், தலையணையின் குளிர்ந்த பக்கம் மாதிரி ஒன்றை. அப்புறம் "இந்த மாதிரி உனக்கு எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எனக்குத் தெரிந்து யாரும் உடனே பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்த பிறகு யாரும் ஒன்றோடு நிறுத்தியதும் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவருக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்களுக்குப் பிடித்ததுதான். "எனக்கென்னப்பா" என்றார். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல நீங்க எல்லாரும் கெளம்பிப் போனதும் வீடு அப்படியே கெடக்கும்ல, கதவு சாத்துன சத்தத்துக்கு அப்புறம். அந்த அஞ்சு நிமிஷம். எதையும் எடுத்து வைக்க மாட்டேன், சும்மா உக்காந்திருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, எங்களை அனுப்பிவிட்டுச் சந்தோஷப்படுவதாக நான் எடுத்துக்கொள்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

அதை அவர் சொன்ன மாதிரியே நோட்டின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மறந்த சாவியை எடுக்க, சட்டையை மாற்ற என்று கிளம்பியதும் இரண்டு தடவை திரும்பி வருகிற பழக்கம் எனக்கு உண்டு. இப்போது வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறேன்.